சிகிச்சைத் திட்டமிடல் வினாக்களில் மூன்று விடைகள் சரியாகத் தோன்றும்போது எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வினா
எழுதியவர்: தேடல்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் உளநல ஆலோசகர் உரிமத்திற்காகப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளும் என்.சி.எம்.எச்.சி.இ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இத்தேர்வில் 11 நேர்வுகள், அதாவது சிகிச்சைக்கு வருபவர்களைப் பற்றிய விவரக் குறிப்புகள், தரப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் முதலில் சேர்க்கை நேர்காணலின் குறிப்பும், பிறகு அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளின் விவரமும் வரும். ஒவ்வொரு பகுதியை ஒட்டியும் வினாக்கள் கேட்கப்படும். மொத்தம் 225 நிமிடங்கள். ஆகவே ஒரு நேர்வுக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள்தான் கிடைக்கும். மதிப்பெண்ணில் 15 விழுக்காடு சிகிச்சைத் திட்டமிடலுக்குரியது.

நோயறிதல் வினாக்கள் எனக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. அங்கே பிடித்துக்கொள்வதற்குக் கால அளவுகள் இருக்கின்றன: பெரும் மனச்சோர்வுக்கு இரண்டு வாரம், பொதுவான பதற்ற நோய்க்கு ஆறு மாதம், அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்த நோய்க்கு ஒரு மாதத்திற்கு மேல். திட்டமிடல் வினாக்களில் அப்படிப்பட்ட பிடி எதுவும் கிடைப்பதில்லை. அண்மையில் பயிற்சி செய்த நேர்வு ஒன்றைச் சுருக்கித் தருகிறேன்.

முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் மூன்று மாதங்களாகச் சோர்வாக இருக்கிறார். பணியிலிருந்து விடுப்பு எடுத்திருக்கிறார். காலையில் பதினொரு மணிக்குத்தான் எழுகிறார். தோழிகளின் அழைப்புகளை எடுப்பதில்லை. மனச்சோர்வின் கடுமையை அளக்கும் ஒன்பது வினாப் படிவமான பி.எச்.க்யூ-9-இல் மதிப்பெண் 17. சாவு, தன்னைத் துன்புறுத்தல் பற்றிய எண்ணங்களைக் கேட்கும் அதன் ஒன்பதாவது வினாவில் மட்டும் 1. ஆலோசகர் தற்கொலை எண்ணத்தைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறார்: "செத்துப் போயிட்டா நல்லதுன்னு சில நாள் தோணும், அதுக்கு மேல எதுவும் யோசிச்சதில்ல" என்கிறார்; திட்டமோ நோக்கமோ முன்முயற்சியோ இல்லை. பாதுகாப்புத் திட்டமும் அன்றே எழுதப்பட்டிருக்கிறது. மாலையில் ஒரு கோப்பை ஒயின் குடிப்பது அண்மையில் வழக்கமாகியிருக்கிறது. கணவர் துணையாக இருக்கிறார். "எனக்கு வேலைக்குத் திரும்பிப் போகணும், அது போதும்" என்று அமர்வில் இரண்டு முறை சொல்கிறார்.

சிகிச்சைத் திட்டத்தின் முதற்கட்டத்தில் சேர்க்க மிகப் பொருத்தமானது எது என்பது வினா. தன்னைப் பற்றிய அடிப்படை நம்பிக்கைகளை மறுசீரமைத்தல். அன்றாடச் செயல்களை அட்டவணையிட்டுப் படிப்படியாகக் கூட்டுதல். மதுப்பழக்கத்திற்காக உறைவிட சிகிச்சைக்கு அனுப்புதல். தற்கொலை இடர் மதிப்பீடு செய்தல் என நான்கு விடைகள். மூன்றாவதைத் தவிர மற்ற மூன்றும் எனக்குச் சரியாகவே தோன்றுகின்றன. விடைக்குறிப்பு இரண்டாவதைச் சொல்கிறது; காரணத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இத்தகைய வினாக்களில் எதை வைத்து முடிவெடுப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: கூர்நோக்கு

வணக்கம் தேடல். நல்ல நேர்வைத் தேர்ந்து தந்திருக்கிறீர்கள். இப்பகுதியில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் சிகிச்சை முறைகளைப் பற்றிய அறிவு குறைந்ததால் தடுமாறுவதில்லை. "எந்த முறை சிறந்தது" என்று தம்மையே கேட்டுக்கொள்வதுதான் அவர்களைத் திசைதிருப்புகிறது. தேர்வு கேட்பது, இந்த மனிதருக்கு, இந்த அமர்வின் முடிவில், குறிப்பில் உள்ள சான்றுகளின்படி, அடுத்து எது என்பதைத்தான். திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேர்வின் குறிப்பில் ஓர் ஆதார வரி இருக்க வேண்டும். அப்படி விரல் வைத்துக் காட்ட முடியாத விடை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் நேர்வில் இதைப் பொருத்திப் பாருங்கள். அடிப்படை நம்பிக்கைகளை மறுசீரமைப்பது நல்ல சிகிச்சைதான். ஆனால் அவர் தம்மைப் பற்றி என்ன நம்புகிறார் என்பதற்குக் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. மேலும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையில் அது பொதுவாகப் பிற்பகுதியில் செய்யப்படும் வேலை. எழுந்து குளிக்கவே ஆற்றல் இல்லாதவரிடம் முதல் வாரத்திலேயே அதைத் தொடங்குவதில்லை. மாறாக, பதினொரு மணிக்கு எழுவது, அழைப்புகளைத் தவிர்ப்பது, பணியிலிருந்து விலகியிருப்பது ஆகிய மூன்றும் குறிப்பில் வெளிப்படையாக இருக்கின்றன. இவை சோர்வின் விளைவுகள் மட்டுமல்ல, சோர்வைத் தொடர வைக்கும் காரணங்களும்கூட. செயல்கள் குறையும்போது நிறைவு தரும் அனுபவங்கள் குறைகின்றன; அவை குறையக் குறையச் சோர்வு கூடுகிறது. நடத்தைச் செயலூக்கம் என்னும் முறை இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது. அதோடு, "வேலைக்குத் திரும்பணும்" என்று அவரே கேட்ட இடத்திற்கு நேராகக் கொண்டுபோகும் வழியும் அதுதான்.

நோயறிதலுக்கும் திட்டத்திற்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. பலர் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அதை நேர்வு உருவாக்கம் என்று சொல்லலாம். முன்பே இருந்த பாதிப்புக் காரணிகள் எவை, இப்போது இதைத் தூண்டியது எது, இதைத் தொடர வைப்பது எது, இவரைக் காத்து நிற்பது எது என்று நான்கு கேள்விகளை வைத்து ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். முதற்கட்டத் தலையீடு பெரும்பாலும் மூன்றாவது கேள்வியின் விடையில்தான் கிடைக்கும், ஏனெனில் பழைய காரணங்களை மாற்ற முடியாவிட்டாலும் இன்று தொடர வைப்பதை மாற்ற முடியும். நான்காவது கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். துணையாக நிற்கும் கணவரும் அவருக்காகக் காத்திருக்கும் வேலையும் திட்டத்தில் இடம்பெற வேண்டிய பலங்கள்.

இனி, இலக்கு, குறிக்கோள், தலையீடு ஆகிய மூன்றையும் பிரித்தறிவது. இலக்கு விரிந்தது, நீண்ட காலத்துக்குரியது: பணிக்குத் திரும்புதல். குறிக்கோள் சிறியது, அளக்கக்கூடியது, காலவரம்புடையது. தலையீடு ஆலோசகர் செய்வது. பின்னிரண்டையும் குழப்பிக் கேட்பது தேர்வில் வழக்கம். ஐயம் வந்தால் வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பாருங்கள். "சிகிச்சை பெறுபவர் வாரத்தில் நான்கு நாள் ஒன்பது மணிக்குள் எழுவார்" என்பது குறிக்கோள். "ஆலோசகர் செயல் அட்டவணையை அறிமுகப்படுத்தி ஒவ்வோர் அமர்விலும் அதைச் சரிபார்ப்பார்" என்பது தலையீடு.

குறிக்கோளைச் சோதிக்க இன்னொரு பழைய வழியும் இருக்கிறது. நடத்தையியல் அறிஞர் ஆக்டன் லிண்ட்ஸ்லி சொன்னது அது: பிணத்தாலும் செய்ய முடிகிற ஒன்று நடத்தை ஆகாது. "கோபப்படாமல் இருப்பார்", "அழமாட்டார்", "குடிக்கமாட்டார்" என்று எழுதப்பட்ட குறிக்கோள்கள் எல்லாம் இச்சோதனையில் விழுந்துவிடும். கோபம் ஏறும்போது அவர் என்ன செய்வார் என்று எழுதினால்தான் அதைக் கற்பிக்கவும் முடியும், நடந்ததா என்று பார்க்கவும் முடியும்.

மறுமொழி 2
எழுதியவர்: வழித்துணை

கூர்நோக்கு அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆயினும் தேடல் கேட்ட நான்காவது விடையை அவர் தொடவில்லை. எனக்கு அதுதான் முதன்மையாகப் படுகிறது. "பாதுகாப்பு எப்போதும் முதலில்" என்று நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது சரியான விதிதான். ஆனால் தற்கொலை மதிப்பீடு என்ற சொல் கண்ணில் பட்டதும் அதைத் தேர்ந்துவிடுகிற பழக்கமாக அது மாறிவிடக் கூடாது. இந்த நேர்வில் மதிப்பீடு முடிந்துவிட்டது. இடர் குறைவு என்பதற்கான விவரங்கள் தரப்பட்டிருக்கின்றன. பாதுகாப்புத் திட்டமும் எழுதியாகிவிட்டது. செய்து முடித்ததை மறுபடியும் செய்யச் சொல்லும் விடை, குறிப்பைச் சரியாகப் படிக்காதவர்களுக்காக வைக்கப்பட்டது. அதே குறிப்பில், ஒன்பதாவது வினாவில் 1 என்று மட்டும் இருந்து, ஆலோசகர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்றால், நான்காவதுதான் விடை. ஒரு வரியின் இருப்பும் இன்மையும் விடையையே மாற்றிவிடும்.

பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியும் வினா வரும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்லி, பிரவுன் ஆகிய இருவர் வகுத்த வடிவமே இப்போது பரவலாகப் பயன்படுகிறது. எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்யக்கூடிய சமாளிப்புகள், மனத்தை வேறுபக்கம் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய நெருங்கியவர்கள், தொழில்முறை உதவி, ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்தில் வைத்தல் என்று அது படிப்படியாகச் செல்லும். "தற்கொலை செய்துகொள்ளமாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம் பயன் தருகிறது என்பதற்குச் சான்றில்லை. அது விடைகளில் ஒன்றாக வந்தால் தேர்ந்தெடுக்காதீர்கள்.

உயிர்ப்பாதுகாப்புக்கு அடுத்தது உடல். மதுவைப் பற்றிய வரியைச் சற்று மாற்றிப் பார்ப்போம். அவர் "காலைல கை நடுங்கும், கொஞ்சம் குடிச்சா நின்னுடும்" என்று சொல்லியிருந்தால் முழுத் திட்டமும் தலைகீழாகிவிடும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மனக்குழப்பமும் மாயத்தோற்றமும் கலந்த கடும் நிலை தோன்றலாம். அது உயிருக்கே ஆபத்து. அங்கே மருத்துவ மதிப்பீடும் கண்காணிப்புடன் கூடிய நச்சுநீக்கமும்தான் முதல் விடை. எவ்வளவு நல்ல உரையாடல் சிகிச்சையும் அதற்குப் பிறகுதான். பதற்றத்திற்கும் தூக்கத்திற்கும் தரப்படும் பென்சோடயாசெபைன் வகை மாத்திரைகளை நெடுநாள் எடுத்துத் திடீரென நிறுத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். படபடப்பு, எடை இழப்பு, கை வியர்த்தல் ஆகியவற்றோடு வருபவருக்குத் தைராய்டு சோதனை நடந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இவ்வகையே.

மூன்றாவது, சிகிச்சையின் அடர்த்தி. பாதுகாப்பாகவும் பயனுள்ளதாகவும் இருக்கக்கூடிய, மிகக் குறைந்த கட்டுப்பாடுடைய சூழலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கொள்கை. மாலையில் ஒரு கோப்பை குடிப்பவருக்கு உறைவிட சிகிச்சை என்பது அளவு மீறியது. தேடல் அதை ஒதுக்கியது சரியே.

நான்காவதாக ஆயத்தநிலையைச் சொல்வேன். ஒருவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எவ்வளவு தயாராக இருக்கிறார் என்பதைக் காட்ட உளவியலாளர்கள் புரோச்சஸ்காவும் டிகிளெமென்டேயும் வகுத்த மாற்றப் படிநிலைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் போதாது. சிகிச்சை பெறுபவரின் பேச்சில் அவற்றைக் கேட்கப் பழக வேண்டும். "குடிக்கிறது ஒரு பிரச்சினையே இல்ல" என்கிறவருக்கு மதுவை விடுவதற்கான செயல்திட்டம் எழுதும் விடை தவறு. அங்கே ஊக்க நேர்காணல் முறையில் அவருடைய சொந்தக் காரணங்களை வெளிக்கொணர்வதே பொருத்தம். "போன வாரமே பாட்டில எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்" என்கிறவரிடம் நன்மை தீமைகளை எடைபோடச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதே அளவு தவறு.

மறுமொழி 3
எழுதியவர்: தேடல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பில் ஆதார வரியைத் தேடுவது, செய்து முடித்ததை மறுபடி தேர்ந்தெடுக்காமல் இருப்பது என்னும் இரண்டும் எனக்குத் தெளிவாகிவிட்டன. அதே நேர்வுக்கு நானே ஒரு திட்டம் எழுதிப் பார்த்தேன். திருத்தித் தர வேண்டுகிறேன்.

இலக்கு: பணிக்குத் திரும்புதல். முதல் குறிக்கோள்: அடுத்த நான்கு வாரங்களில், வாரத்தில் ஐந்து நாள், ஒன்பது மணிக்குள் எழுந்து, முந்தைய நாளே அட்டவணையில் குறித்த ஒரு செயலையாவது வீட்டுக்கு வெளியே செய்வார். இரண்டாவது குறிக்கோள்: மனச்சோர்வு குறையும். மூன்றாவது குறிக்கோள்: மாலையில் குடிப்பதை நிறுத்துவார். தலையீடு: வாரம் ஒருமுறை தனிநபர் ஆலோசனையில் நடத்தைச் செயலூக்கம். கணவரை இரண்டாவது அமர்வுக்கு அழைத்தல்.

மறுமொழி 4
எழுதியவர்: அளவுகோல்

தேடல், முதல் குறிக்கோள் நன்றாக அமைந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். பதினொரு மணிக்கு எழுகிறவருக்கு வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணி என்பது முதல் வாரத்திலேயே தோற்றுப்போவதற்கு வழி செய்யும். பத்தரை மணி, மூன்று நாள் என்று தொடங்கி, நான்காவது வாரத்தில் ஒன்பது மணியை எட்டுமாறு படிகளாக்குங்கள். சோர்வில் இருப்பவருக்கு முதல் வெற்றி மிகவும் தேவை. எவ்வளவு சிறிய படியிலிருந்து தொடங்க முடியும் என்பதை அவரிடமே கேட்டு எழுதுவது இன்னும் நல்லது. அவரோடு சேர்ந்து எழுதாத திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது குறிக்கோளை இப்படியே விட முடியாது. குறைந்தது என்று எப்போது சொல்வீர்கள்? உங்களிடம் அளவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. பி.எச்.க்யூ-9 அளவீடு 0 முதல் 27 வரை செல்லும். 5, 10, 15, 20 ஆகியவை அதன் எல்லைக்கோடுகள். 17 என்பது மிதத்திற்கும் கடுமைக்கும் இடைப்பட்ட நிலை. 5 புள்ளி குறைந்தால் அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம்; தொடக்க அளவில் பாதியாகக் குறைந்தால் சிகிச்சைக்கு நல்ல பலன் கிடைக்கிறது; 5-க்குக் கீழே வந்தால் நோய் தணிந்த நிலை என்று கொள்வார்கள். ஆகவே "எட்டு வாரத்திற்குள் மதிப்பெண் 17-இலிருந்து 10-க்குக் கீழே வரும், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அளக்கப்படும்" என்று எழுதுங்கள்.

மூன்றாவதை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள் என்பேன். அவர் அதைக் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மதுவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நமக்குத் தெரியாது என்பது. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்னும் பத்து வினாக்கள் கொண்ட வடிகட்டும் படிவத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தீங்கு தரக்கூடிய குடிப்பழக்கம் என்று கருதி மேலும் ஆராய வேண்டும். அந்த விவரம் வரும்வரை திட்டத்தில் "மதுப் பயன்பாட்டை மதிப்பிடுதல்" என்று ஆலோசகரின் பணியாக இருந்தால் போதும். ஒயின் அவருடைய தூக்கத்தைக் கெடுக்கிறதா, காலையில் எழ முடியாததற்கு அதுவும் ஒரு காரணமா என்று அவரோடு சேர்ந்து பார்க்கும்போது, அவர் கேட்ட இலக்கோடு மது தானாகவே வந்து இணையும். அப்போது அது அவருடைய குறிக்கோளாக இருக்கும்.

இன்னொன்று. இத்தேர்வில் நேர்வு ஒரே இடத்தில் நிற்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது பகுதிகளில் காலம் நகர்ந்திருக்கும். ஆறு வாரம் கழித்து மதிப்பெண் 16 என்று குறிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே வேறு சிகிச்சை முறைக்குத் தாவும் விடை கவர்ச்சியாகத் தெரியும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அமர்வுகளுக்கு இடையில் அட்டவணைப்படி செய்தாரா? செய்யவில்லை என்றால் தடுத்தது எது? ஆலோசகருக்கும் அவருக்கும் இடையே உள்ள உறவு எப்படியிருக்கிறது? நோயறிதலே சரிதானா, இருமுனை மனநோயைச் சுட்டும் வகையில் தூக்கமே தேவைப்படாமல் மிகுந்த உற்சாகத்தோடு இருந்த நாள்கள் எப்போதாவது உண்டா? மருந்துக்காக மனநல மருத்துவரிடம் அனுப்புவதைப் பற்றிப் பேசப்பட்டதா? திட்டத்தை மறுஆய்வு செய்வது என்பது இக்கேள்விகளை அவரோடு அமர்ந்து கேட்பதுதான். விடைகளில் "முன்னேற்றம் இல்லாததை அவரோடு பேசி ஆராய்தல்" என்று ஒன்று இருந்தால், முறையை மாற்றும் விடையைவிட அது பெரும்பாலும் வலுவானது.

சிகிச்சையை எப்போது முடிப்பது என்பதும் முதல் திட்டத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் அது இல்லை. பணிக்குத் திரும்பி நான்கு வாரம் தொடர்ந்திருத்தல், மதிப்பெண் 5-க்குக் கீழே நிற்றல், மீண்டும் சோர்வு தலைகாட்டினால் எதைக் கவனிப்பது என்று எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றை முடிவுக்கான அளவுகளாக வைக்கலாம்.

மறுமொழி 5
எழுதியவர்: வழித்துணை

கணவரை அழைப்பதைப் பற்றி மட்டும் ஒரு சிறு சேர்க்கை. அவர் துணையாக இருக்கிறார் என்பதாலேயே அவரை அழைத்துவிட முடியாது. சிகிச்சை பெறுபவர் விரும்ப வேண்டும். எவ்வளவு விவரம், எந்த நோக்கத்திற்காகப் பகிரப்படும் என்பதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் ஒப்புதல் தர வேண்டும். அதை எப்போது வேண்டுமானாலும் அவர் திரும்பப் பெறலாம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். "கணவரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்டல்" என்று ஒரு விடை வந்தால், ஒப்புதல் பெற்றதற்கான வரி குறிப்பில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால், ஒப்புதலைப் பற்றி அவரிடம் பேசும் விடை வேறு எங்கேனும் இருக்கும்; அதையே தேர்ந்தெடுங்கள்.